மாதம் 750 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு டீசல் கார் சரிவருமா?

கேள்வி: அண்ணா, பொள்ளாச்சியில் அரசுப் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். வீட்டிலிருந்து பள்ளி 7 கிலோமீட்டர். மாதம் ஒரு தடவை திண்டுக்கல்லில் இருக்கும் அப்பா அம்மாவைப் பார்க்கப் போவோம், போக வர 250 கிலோமீட்டர் ஆகும். வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை குடும்பத்தோடு வால்பாறை. முதல் கார் வாங்கப் போகிறேன், 12 லட்சம் வரை முடியும். மைலேஜும் இழுவையும் டீசலில்தான் என்று மைத்துனர் ஒரே பிடியாக நிற்கிறார். ஷோரூமில் பெட்ரோல் எடுங்கள் என்கிறார்கள். நடுவில் தெரிந்த புரோக்கர் ஒருவர், 2018 மாடல் டீசல் கார் ஒன்று ஆறரை லட்சத்துக்கு இருக்கிறது, 78,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்கிறார். டீசல் காரை 10 வருஷத்தில் ஓரங்கட்டிவிடுவார்கள் என்றும் காதில் விழுகிறது. மனைவியும் இந்தக் காரில்தான் ஓட்டப் பழகப் போகிறார். எதை எடுப்பது?

வணக்கம் சார். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பேசலாம். உங்கள் ஓட்டத்துக்குப் பெட்ரோல்தான். புது டீசல் வேண்டவே வேண்டாம். அந்த 2018 வண்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது, அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் மைத்துனர் சொல்வது தப்பு என்று சொல்ல மாட்டேன், அவர் சொல்வது 2012ல் நூற்றுக்கு நூறு சரி. அன்றைக்குப் பெட்ரோல் விலையை அரசு 2010லேயே கட்டுப்பாட்டிலிருந்து விட்டாயிற்று, டீசலை மட்டும் பிடித்து வைத்திருந்தார்கள், அதனால் லிட்டருக்கு 25, 30 ரூபாய் வரைக்கும் வித்தியாசம் இருந்தது. என் பட்டறைக்கு வந்த பாதிப் பேர் அந்தச் சமயத்தில் பெட்ரோல் வண்டியைக் கொடுத்துவிட்டு ஸ்விஃப்ட் டீசலோ டிசையர் டீசலோ எடுத்தார்கள், நானே பல பேரை எடுக்கச் சொன்னேன். 2014 அக்டோபரில் டீசல் விலையையும் திறந்துவிட்டார்கள். அப்புறம் அந்த இடைவெளி சுருங்கிச் சுருங்கி, இன்றைக்கு நம் பக்கத்து பங்க்கில் பெட்ரோல் 101ஐ ஒட்டி, டீசல் 92, 93 என்று நிற்கிறது. எட்டு ரூபாய்க்கும் ஒன்பது ரூபாய்க்கும் நடுவில்தான் வித்தியாசம். மைத்துனர் மனதில் இருப்பது அந்தப் பழைய முப்பது ரூபாய்.

சரி, உங்கள் கணக்கைப் போடுவோம். பள்ளிக்கு தினம் 14 கிலோமீட்டர், மாதம் 24 நாள் என்றால் 336. கடைத்தெரு, கோயில், ஆஸ்பத்திரி என்று ஊருக்குள் 150. திண்டுக்கல் 250. எல்லாம் சேர்த்து மாதம் ஏறக்குறைய 740 கிலோமீட்டர், வருஷத்துக்கு 9,000. நீளம் நான்கு மீட்டருக்குள் இருக்கிற, கொஞ்சம் உயரமான கார் ஒன்றை எடுத்துக்கொண்டால் பெட்ரோல் உங்கள் சாலையில் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும், டீசல் 19 கொடுக்கும். விளம்பரத்தில் போடுகிற மைலேஜைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது ஆய்வுக்கூடத்தில் அளப்பது. கிலோமீட்டருக்குப் பெட்ரோலில் 6 ரூபாய் 73 காசு, டீசலில் 4 ரூபாய் 87 காசு. மிச்சம் 1 ரூபாய் 86 காசு. வருஷத்துக்கு 16,700 ரூபாய் வருகிறது, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டீசலுக்கு சர்வீஸ் செலவு வருஷத்துக்கு மூவாயிரம் நாலாயிரம் கூடுதலாக ஆகும், ஆயில் அளவு அதிகம், டீசல் ஃபில்டர் தனி. கையில் நிற்பது 12,000, 13,000 ரூபாய். அதே மாடலில் டீசலுக்கு ஆன்ரோடு விலை ஒரு லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சம் கூட. 1,30,000 என்று வைத்துக்கொண்டால் போட்ட பணம் திரும்பி வரவே பத்து வருஷம், அதுவும் கடனுக்கு வட்டியைச் சேர்க்காமல்.

இதே கணக்கை வருஷத்துக்கு 25,000 கிலோமீட்டர் ஓட்டுகிற ஆளுக்குப் போட்டால் மூன்று, மூன்றரை வருஷத்தில் பணம் திரும்பிவிடும். என்னிடம் வருகிற ஒரு மருந்துப் பிரதிநிதி தினமும் கோவையிலிருந்து ஈரோடு, கரூர், திருப்பூர் என்று சுற்றுகிறவர், அவர் என்னிடம் கேட்டால் யோசிக்காமல் டீசல் என்பேன்.

ஆனால் சார், கணக்கு மட்டும் என்றால் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். பத்து வருஷம் ஆனால் ஆகட்டும், ஓட்ட சுகமாக இருக்கிறதே என்று எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது அவரவர் பணம். நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. 2020 ஏப்ரல் 1லிருந்து விற்கிற புதுக் கார் எல்லாம் பிஎஸ்6, அதாவது புகை மாசைக் கட்டுப்படுத்துகிற புது விதிக்கு உட்பட்டது. அந்த விதிக்குத் தக்கபடி டீசல் காரின் சைலன்சர் பாதையில் டிபிஎஃப் என்று ஒரு ஃபில்டர் வைக்கிறார்கள், கரியைப் பிடித்து வைக்கிற தேன்கூடு மாதிரி ஒரு பாகம். கரி சேர்ந்துகொண்டே போனால் அடைத்துக்கொள்ளும் இல்லையா, அதனால் வண்டி ஓடும்போதே அதை எரித்துச் சாம்பலாக்கிக்கொள்கிற ஏற்பாடும் அதிலேயே இருக்கிறது. அப்படி எரிய 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும், கூடவே விட்டுவிடாமல் பதினைந்து இருபது நிமிஷம் ஓட வேண்டும். நாலு வழிச்சாலையில் 80ல் போகிற வண்டிக்கு இது தானாக நடக்கும், ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. 7 கிலோமீட்டர் போய் பள்ளி வாசலில் சாவியைத் திருப்பி அணைக்கிற வண்டிக்கு? இன்ஜின் சூடேறி, எரிக்கலாம் என்று தொடங்குகிற நேரத்தில் நீங்கள் இறங்கி முதல் பீரியடுக்குப் போயிருப்பீர்கள்.

போன வருஷம் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் வண்டியைக் கொண்டுவந்தார். வாங்கி இரண்டரை வருஷம், 14,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை, வீடும் கடையும் மூன்று கிலோமீட்டர் தூரம், சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவதோடு தினம் நாலு நடை. டேஷ்போர்டில் டிபிஎஃப் விளக்கு எரிகிறது, பிக்கப் இல்லை என்றார். நான் முதலில் செய்தது ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக் கம்பியை உருவிப் பார்த்ததுதான். ஆயில் மேல்கோட்டையும் தாண்டி ஒரு விரல் உயரம் நிற்கிறது. "ஆயில் குறையவே இல்லை பாருங்கள்" என்று அவர் சந்தோஷமாகச் சொல்கிறார். துணியில் துடைத்து மூக்கருகில் கொண்டுபோனால் சுத்தமான டீசல் வாடை, விரலில் தேய்த்தால் வழவழப்பே இல்லை, தண்ணீராக ஓடுகிறது. என்ன நடந்தது என்றால், ஃபில்டரைச் சூடாக்குவதற்காகப் பெரும்பாலான கார்களில் இன்ஜெக்டர் கடைசி நேரத்தில் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகத் தெளிக்கும். எரிப்பு பாதியில் நின்றுபோனால் அந்த டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரோடு வழிந்து ஆயிலில் கலந்துவிடும். ஒரு நாள் இரண்டு நாள் என்றால் பாதகமில்லை, இது இரண்டு வருஷமாகத் தினமும் நடந்திருக்கிறது. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புகிற டர்போ அந்த ஆயிலில்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

ஆயிலை மாற்றி, ஸ்கேனரைப் போட்டுப் பார்த்து, அவிநாசி தாண்டி நாலு வழிச்சாலையில் நான்காவது கியரிலேயே வைத்து அரை மணி நேரம் ஓட்டினோம். விளக்கு அணைந்தது. அவர் தப்பித்தார். அடைப்பு எல்லையைத் தாண்டிவிட்டால் ஃபில்டரையே மாற்ற வேண்டும், சில மாடல்களில் அது லட்சத்தைத் தொடும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு சாஃப்ட்வேரை மாற்றித் தருகிறேன் என்று சொல்லும் பட்டறைகளும் இருக்கின்றன, தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். வாரண்டி போகும், சட்டப்படியும் குற்றம். அதோடு, நீங்கள் ஓட்டப்போவது பள்ளிக்கூட வாசலுக்கு, அந்தக் கரி போகிற இடம் பிள்ளைகளுடைய நெஞ்சு.

மாதம் ஒரு முறை திண்டுக்கல் போகிறோமே, அதில் சுத்தமாகிவிடாதா என்று கேட்பீர்கள். போகிற மாதம் ஆகும். மார்ச், ஏப்ரலில் தேர்வுப் பணி, விடைத்தாள் திருத்தம் என்று இரண்டு மாதம் ஊர்ப்பக்கமே போக முடியாமல் போகுமே, அப்போது என்ன செய்வது? ஃபில்டருக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை உடுமலை வரைக்கும் சும்மா போய் வர வேண்டியதுதான். அப்படிச் செய்கிறவர்கள் எனக்குத் தெரியும். கார் நமக்கு வேலை செய்ய வேண்டும், நாம் காருக்கு வேலை செய்யக் கூடாது என்பது என் எண்ணம்.

இன்னொன்று, உங்கள் மனைவி பழகப் போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பழகுகிற காலத்தில் யாராக இருந்தாலும் கிளட்சைப் பாதி மிதித்தபடியேதான் ஓட்டுவார்கள், அது இயல்பு, நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். பெட்ரோல் வண்டியில் பிளேட் தேய்ந்தால் கிளட்ச் செட் மாற்றுவதோடு போகும். டீசலில் இழுவை அதிகம் என்பதால் பல மாடல்களில் கிளட்ச் பிளேட் ஒட்டுகிற ஃப்ளைவீல் சக்கரமே இரண்டு அடுக்காக இருக்கும், அதுவும் சேர்ந்து போனால் செலவு பல மடங்கு. இந்த ஒரு காரணத்துக்காகவே முதல் காரைப் பெட்ரோலில் எடுங்கள் என்று நிறையப் பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

வால்பாறைக்கு வருகிறேன். மைத்துனர் பேச்சில் முழு நியாயம் இருப்பது இங்கேதான். ஆழியாறிலிருந்து ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவு, ஐந்து பேர், பின்னால் பெட்டி, ஏசி வேறு. 1.2 லிட்டர் சாதாரண பெட்ரோல் இன்ஜினில் டார்க், அதாவது இழுவை, 110, 115 என்எம்தான், அதுவும் இன்ஜின் நிமிஷத்துக்கு நாலாயிரம் சுற்றை (ஆர்பிஎம்) தாண்டினால்தான் முழுசாகக் கிடைக்கும். 1.5 டீசலில் 250 என்எம், ரெண்டாயிரத்துக்குள்ளேயே கிடைத்துவிடும். வளைவில் திரும்பி எழும்போது டீசல் இரண்டாவது கியரில் அலட்டிக்கொள்ளாமல் ஏறும், சின்ன பெட்ரோல் முதல் கியருக்கு இறங்கிக் கத்தும். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் வருஷத்தில் 365 நாளில் நாலு நாள் ஏறுகிற மலைக்காக மிச்ச 361 நாளும் ஒவ்வாத இன்ஜினை வைத்திருப்பானேன்? இழுவைதான் முக்கியம் என்றால் டர்போ பெட்ரோல் ஓட்டிப் பாருங்கள். 1 லிட்டர், 1.2 லிட்டர் டர்போவில் 170 என்எம் பக்கத்தில் வருகிறது, அதுவும் தாழ்ந்த ஆர்பிஎம்மிலேயே. மைலேஜ் கொஞ்சம் அடிபடும், காலை அழுத்தினால் நிறையவே அடிபடும். சாதாரண பெட்ரோலே எடுத்தாலும் மலையில் ஒன்றும் நின்றுபோகாது, செங்குத்தான இடத்தில் ஏசியை அணைத்து, ஆர்பிஎம் ஏறட்டும் என்று விட்டு ஓட்டினால் போதும். இறங்கும்போது பிரேக்கை நம்பாமல், ஏறிய அதே கியரில் இறங்குங்கள்.

பத்து வருஷத் தடை பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது டெல்லி, அதைச் சுற்றிய பகுதியின் கதை. காற்று மாசுக்காக அங்கே 10 வருஷம் தாண்டிய டீசல், 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்குத் தடை போட்டார்கள், அதிலும் இன்னும் வழக்கு நடக்கிறது. தமிழ்நாட்டில் அப்படி எதுவும் கிடையாது. இங்கே சொந்த உபயோகக் காருக்கு ஆர்சி 15 வருஷம், அப்புறம் வண்டி ஓடத் தகுதியானது என்கிற எஃப்சி காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். அதனால் இந்தப் பயத்தில் முடிவெடுக்க வேண்டாம். ஆனால் விற்கும்போது என்ன விலை போகும் என்று யோசியுங்கள். ஒரு காலத்தில் இந்தியாவில் விற்ற கார்களில் பாதிக்கு மேல் டீசல், இப்போது ஐந்தில் ஒன்றுக்கும் கீழே வந்துவிட்டது. மாருதி 2020லேயே டீசலை நிறுத்திவிட்டது. சின்ன ஹேட்ச்பேக்கில் டீசல் வேண்டும் என்றால் டாடா ஆல்ட்ரோஸ் ஒன்றுதான் மிச்சம்.

பெட்ரோலில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. இப்போது பங்க்கில் வருவது இ20, அதாவது ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனாலில் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால் மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். மேலே நான் 15 என்று போட்டது அதையும் சேர்த்துத்தான். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களில் ரப்பர், பைப் எல்லாம் இ20 தாங்குகிற மாதிரி வருகிறது. புது வண்டி எடுக்கிற உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

இனி அந்த 2018 வண்டி. இதைக் கேட்டதும் உடனே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது பிஎஸ்4, அதாவது முந்தைய விதிப்படி வந்த வண்டி, அந்தக் காலத்துச் சின்ன டீசல்களில் பெரும்பாலும் டிபிஎஃப் கிடையாது, ஆகவே நான் மேலே புலம்பிய ஃபில்டர் தொல்லை அதில் இருக்காது. விலையும் பாதி. ஆர்சி 2033 வரைக்கும் உண்டு. ஆனால் எனக்கு உறுத்துவது அந்த 78,000. டீசல் வாங்குகிறவர்கள் ஓட்டுவதற்காகத்தான் வாங்குவார்கள், ஏழு வருஷத்தில் வருஷம் பதினோராயிரம் என்பது நடக்காதது இல்லை, ஆனால் அரிது. மீட்டரைத் திருப்புவதற்கு இப்போது ஒரு லேப்டாப் இருந்தால் போதும். மீட்டரைப் பார்க்காமல் வண்டியைப் பாருங்கள். கிளட்ச் பெடலின் ரப்பர் மழமழவென்று தேய்ந்திருக்கிறதா, ஸ்டியரிங்கில் கை வைக்கிற இடம் பளபளக்கிறதா, டிரைவர் சீட்டின் வலது ஓரம் அமுங்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பரைச் சொல்லிப் பழைய பில்களைக் கேட்டால் ஒவ்வொரு தடவையும் மீட்டரில் என்ன இருந்தது என்று வரிசையாகத் தெரிந்துவிடும், உரிமையாளரையே கூட்டிப்போய்க் கேட்கச் சொல்லுங்கள். ஆர்சியில் எத்தனையாவது உரிமையாளர், கடன் பாக்கி இருக்கிறதா, முன்னால் டி போர்டில் (வாடகை வண்டியாக) ஓடி ஓன் போர்டுக்கு (சொந்த உபயோகத்துக்கு) மாற்றியதா, இதெல்லாம் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

வண்டி நல்லதாகவே இருந்தாலும் ஏழு வருஷ டீசலுக்கு என்று ஒரு செலவுப் பட்டியல் காத்துக்கொண்டிருக்கும். காமன்ரெயில் டீசலில், அதாவது ஒரே குழாயில் டீசலை அழுத்தி வைத்து எல்லா இன்ஜெக்டருக்கும் அனுப்புகிற வகையில், இன்ஜெக்டருக்குப் போகிற அழுத்தம் 1,600 பாருக்கு மேல், உங்கள் கார் டயரில் இருக்கிற காற்றைப்போல ஏறக்குறைய 700 மடங்கு. அந்த அழுத்தத்தில் வேலை செய்கிற இன்ஜெக்டர் முனை தேய்ந்தால் ஒன்றுக்குப் பத்தாயிரத்துக்கு மேல், நாலு இருக்கிறது. டர்போ, கிளட்ச், புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பிவிடுகிற இஜிஆர் வால்வு எல்லாம் அந்த வயதில் வரிசையாகக் கதவைத் தட்டும். அதனால் கைவசம் குறைந்தது ஒரு லட்சமாவது தனியாக வைத்துக்கொள்ள முடிந்தால் மட்டும் அந்த வண்டியைப் பாருங்கள், ஐந்தே முக்காலுக்கு மேல் கொடுக்காதீர்கள். என் தம்பி கேட்டிருந்தால், அதே பணத்துக்கு 2021, 2022 மாடல் பெட்ரோல் கார் தேடுடா என்றுதான் சொல்லியிருப்பேன்.

மைத்துனர் மனசு கோணக் கூடாது, அதைப் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் காலையில் ஏழு மணிக்குள் போங்கள். நீங்கள் வருகிற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முதல் நாளே புரோக்கரிடம் சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கையை வையுங்கள், வெதுவெதுப்பாக இருந்தால் யாரோ முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள், பேசாமல் திரும்பிவிடலாம். ஜில்லென்று இருந்தால் சாவியைத் திருப்பி, சுருள் மாதிரி இருக்கிற மஞ்சள் விளக்கு அணைந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். ஒரே திருப்பில் பிடிக்க வேண்டும். ஒருவர் பின்னால் நின்று புகையைப் பார்க்கட்டும், லேசாக வந்து நின்றுவிட்டால் சரி, நீலம் கலந்து வந்துகொண்டே இருந்தால் ஆயிலைக் குடிக்கிறது என்று அர்த்தம். ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து அப்படியே தலைகீழாக அதன் மேலேயே வையுங்கள். லேசாக அதிர்ந்தபடி அங்கேயே இருந்தால் நல்லது. மூடி துள்ளிக் கீழே விழுந்தாலோ, உள்ளேயிருந்து குபுகுபுவென்று புகை வந்தாலோ பிஸ்டன் ரிங் போயிருக்கிறது, எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் வேண்டாம். இதெல்லாம் தேறிவிட்டது என்றால் அட்வான்ஸுக்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோய், இன்ஜெக்டர் ரிட்டர்ன், அதாவது ஒவ்வொரு இன்ஜெக்டரும் தெளிக்காமல் திருப்பி அனுப்புகிற டீசல், எவ்வளவு வருகிறது என்று ஆளுக்கொரு பாட்டில் மாட்டி அளக்கச் சொல்லுங்கள், நாலு பாட்டிலிலும் டீசல் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும்.